நம்பர் வேறு, போன் வேறு: மருத்துவமனை இண்டர்காமை டேட்டாபேஸுக்கு மாற்றிய அனுபவம்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐந்து மாடிக் கட்டடம், 140 போன்கள். நர்ஸ் ஸ்டேஷன், ட்யூட்டி டாக்டர் அறை, மருந்தகம், லேப், ரத்த வங்கி, கேன்டீன் என்று எல்லா இடத்துக்கும் ஒரே ஒரு ஆஸ்டெரிஸ்க் சர்வர்தான். ஆஸ்டெரிஸ்க் என்பது போன் எக்ஸ்சேஞ்ச் வேலையைக் கணினியில் செய்யும் மென்பொருள். அந்த 140 போன்களின் விவரமும் முன்பு ஒரே டெக்ஸ்ட் கோப்பில் இருந்தது. ஒரு போனுக்கு ஒரு பத்தி: நம்பர், பாஸ்வேர்டு, இன்னும் சில வரிகள். அந்தக் கோப்பைத் திருத்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரு நாள் இரவு 9 மணிக்கு 241 என்ற புதிய போனைச் சேர்க்க உட்கார்ந்தேன். அவசரத்தில் புதிய பாஸ்வேர்டை 214-இன் பத்தியில் போட்டுவிட்டேன். ரீலோட் கொடுத்தேன், 241 வரவில்லை. பாஸ்வேர்டை மறுபடி சரியான இடத்தில் போட்டதும் வந்துவிட்டது. 214-ஐத் தொட்டதே எனக்குத் தெரியாது. 214 அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டின் போன். அது ஏற்கெனவே ரெஜிஸ்டர் ஆகியிருந்ததால், வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மணி அடித்தது. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து சிஸ்டர் ஒருவர் ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட போனை எடுத்தபோதுதான் அழைப்பு போகவில்லை. இரண்டு மாடி இறங்கி ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்திருக்கிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த சிஸ்டர் மறுநாள் காலை என்னிடம் கோபப்படாமல், "சார், அந்த போனை மட்டும் எப்பவும் பாத்துக்கோங்க" என்று சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது.

போன் விவரங்களை டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலையை அந்த வாரமே தொடங்கினேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்களிடம் இருந்தது ஆஸ்டெரிஸ்க் 13. போன்கள் சான்சிப் என்ற பழைய மாட்யூல் வழியாக ஓடின. 2023-இல் வந்த ஆஸ்டெரிஸ்க் 21-இல் சான்சிப்பை அடியோடு எடுத்துவிட்டார்கள். பிஜேசிப் என்ற புதிய மாட்யூலுக்கு என்றைக்காவது போயே ஆக வேண்டும். போகிற போக்கில் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று ஆஸ்டெரிஸ்க் 20-ஐ ஒரு தனி சர்வரில் போட்டேன்.

வேலைக்குள் போகும் முன், போன் ரெஜிஸ்டர் ஆவது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இது புரியாமல் நான் இரண்டு நாள் வீணடித்தேன். ஐபி போன் சர்வரிடம் அவ்வப்போது போய், "நான் இன்னார், இப்போது இந்த முகவரியில் இருக்கிறேன், என்னைத் தேடி அழைப்பு வந்தால் இங்கே அனுப்பு" என்று சொல்லிவிட்டு வருகிறது. ரெஜிஸ்டர் என்பது அவ்வளவுதான். சர்வர் உடனே ஒப்புக்கொள்ளாது. முதலில் 401 என்று பதில் சொல்லி, கூடவே ஒரு தற்காலிகச் சொல்லையும் தரும். போன் தன் பாஸ்வேர்டையும் அந்தச் சொல்லையும் கலந்து ஒரு கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். பாஸ்வேர்டு அப்படியே கம்பியில் போவதில்லை. விடை சரியென்றால் 200. பெரும்பாலான போன்கள் 3600 நொடிக்கு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு, இந்தப் பதிவைக் கேட்கும்; முடிவதற்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளும். 214-க்கு மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம். உள்ளே வரும் அழைப்புக்குப் பழைய பதிவு போதும். வெளியே போகும் ஒவ்வொரு அழைப்புக்கும் சர்வர் புதிதாகப் பாஸ்வேர்டு கேட்கும்.

பிஜேசிப் இந்த விஷயத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. யார் என்பது எண்ட்பாயிண்ட். அவர்தான் என்பதற்கு நிரூபணம் ஆத். இப்போது எங்கே இருக்கிறார் என்பது ஏஓஆர். அதற்குள் இருக்கும் நடப்பு முகவரிக்கு கான்டாக்ட் என்று பெயர். டேட்டாபேஸிலும் அதே பிரிவுதான்: பிஎஸ் எண்ட்பாயிண்ட்ஸ், பிஎஸ் ஆத்ஸ், பிஎஸ் ஏஓஆர்ஸ் என்று மூன்று டேபிள்கள். எண்ட்பாயிண்ட் வரிசையில் ஆத், ஏஓஆர்ஸ் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவை மற்ற இரண்டு டேபிள்களையும் சுட்டுகின்றன. பழைய சான்சிப்பில் இவை மூன்றும் ஒரே பத்தியில் கலந்து கிடந்ததால், பழகிய கைக்கு இது முதலில் வீண் சுற்றாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிரித்து வைத்தது எவ்வளவு நல்லது என்று பின்னால்தான் தெரிந்தது.

இந்த டேபிள்களைக் கையால் உருவாக்க வேண்டாம். ஆஸ்டெரிஸ்க் மூலக் கோப்புகளோடு அலெம்பிக் என்ற கருவிக்கான வார்ப்புகளும் வருகின்றன. டேட்டாபேஸ் முகவரியைக் கொடுத்து ஒரு கட்டளை கொடுத்தால் டேபிள்கள் எல்லாம் தானாக வந்துவிடும். எண்ட்பாயிண்ட் டேபிளில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நான் நிரப்புவது பத்துக்குள்தான். மற்றதை எல்லாம் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை) என்று அப்படியே விட்டுவிட்டால் ஆஸ்டெரிஸ்க் தன் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். அங்கே வெற்று இடத்தைத் தட்டி வைத்தால் அதையும் ஒரு மதிப்பாகப் படிக்கப் பார்க்கும், அதனால் தொடாமல் விடுவதே நல்லது.

நான் பயன்படுத்திய டேட்டாபேஸ் மரியாடிபி. ஆஸ்டெரிஸ்க் அதனுடன் பேசுவது ஓடிபிசி என்ற இடைப்பாலம் வழியாக. இங்கே நான் அரை நாள் சிக்கிக்கொண்டேன். டேட்டாபேஸின் விவரத்தை எழுதி, ஐஎஸ்க்யூஎல் என்ற சின்னக் கருவியால் சோதித்தேன், உடனே இணைந்தது. ஆஸ்டெரிஸ்க் மட்டும் இணைய மறுத்தது. காரணம், விவரத்தை நான் என் ஹோம் டைரக்டரியில் இருந்த ஓடிபிசி கோப்பில் எழுதியிருந்தேன். ஆஸ்டெரிஸ்க் ஓடுவதோ ஆஸ்டெரிஸ்க் என்ற வேறு யூசரின் பெயரில். என் வீட்டுக்குள் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஈடிசி டைரக்டரியில் உள்ள பொதுக் கோப்புக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. அதன் பிறகு எதைச் சோதித்தாலும் சூடோ (sudo) கட்டளை கொடுத்து ஆஸ்டெரிஸ்க் யூசராக மாறியே சோதிக்கிறேன். உங்கள் பெயரில் வேலை செய்வது சர்வரின் பெயரில் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள்.

அடுத்து பெயர்ச் சங்கிலி. எந்த விவரத்தை எங்கே தேட வேண்டும் என்று சொல்வது சார்சரி கோப்பு. அதில், எண்ட்பாயிண்ட் விவரம் ரியல்டைமில் (டேட்டாபேஸிலிருந்து நேரடியாகப் படிக்கும் முறை) இந்தப் பெயரில் இருக்கிறது என்று எழுதுகிறோம். எக்ஸ்ட்கான்ஃபிக் கோப்பில், அந்தப் பெயர் ஓடிபிசியில் இந்த வகுப்பு வழியாகக் கிடைக்கும் என்று எழுதுகிறோம். ரெஸ் ஓடிபிசி கோப்பு அந்த வகுப்பை ஓடிபிசியில் உள்ள இணைப்புப் பெயரோடு கட்டுகிறது. வகுப்புப் பெயருக்கும் இணைப்புப் பெயருக்கும் எல்லா எடுத்துக்காட்டுகளிலும் ஆஸ்டெரிஸ்க் என்றே வைத்திருப்பார்கள். எது எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் குழம்பியதால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன். அப்புறம் லாகில் வரும் பிழையைப் பார்த்தவுடனே எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரிந்தது. மாட்யூல் கோப்பில் ஓடிபிசி மாட்யூல்கள் இரண்டையும் ப்ரீலோட் என்று போட்டால்தான் பிஜேசிப்புக்கு முன்பே அவை தயாராக இருக்கும். ரெஸ் ஓடிபிசியில் ஒரு நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற எண் இயல்பாக ஒன்றுதான், நான் ஐந்தாக்கிக்கொண்டேன். எந்த ஐபி, எந்த போர்ட்டில் கேட்க வேண்டும் என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் பகுதியை மட்டும் டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது பிஜேசிப் கோப்பிலேயே இருக்கட்டும்.

சரி, எல்லாம் இணைந்துவிட்டது. மேசையில் ஒரு போனை வைத்து ரெஜிஸ்டர் செய்து பார்த்தேன். வரவில்லை. ஒவ்வொரு தவறையும் திருத்தத் திருத்த வேறு வேறு எண் பதிலாக வந்தது. அந்த எண்களை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்தேன்.

401 திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: பாஸ்வேர்டு தவறு, அல்லது அப்படி ஒரு எண்ட்பாயிண்ட்டே டேபிளில் இல்லை. இல்லாத பெயருக்கும் ஆஸ்டெரிஸ்க் வேண்டுமென்றே 401 கொடுத்துப் பாஸ்வேர்டு கேட்கும். எந்தப் பெயர்கள் உண்மையில் உண்டு என்று வெளியிலிருந்து துழாவுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அப்படி. போன் பக்கம் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். லாகில்தான் வித்தியாசம் தெரியும். 404 வந்தால் பாஸ்வேர்டு சரி, ஆனால் போன் கேட்கும் பெயரில் ஏஓஆர் இல்லை. ஏஓஆர் வரிசையின் பெயரோ, எண்ட்பாயிண்ட் வரிசையின் ஏஓஆர்ஸ் கட்டத்தில் எழுதிய பெயரோ போனில் உள்ள யூசர் பெயரோடு பொருந்தவில்லை. 403 வந்தால், எண்ட்பாயிண்ட் வரிசையில் ஏஓஆர்ஸ் கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டோமா என்று பாருங்கள். அது சரியென்றால் ஏஓஆர் வரிசையில் மேக்ஸ் கான்டாக்ட்ஸ் என்ற கட்டத்தைப் பாருங்கள். அதன் இயல்பு மதிப்பு 0. அதாவது இந்த ஏஓஆரில் எந்த போனும் பதிவு செய்ய முடியாது. அதை 1 ஆக்கியதும் மேசையில் இருந்த போனில் பச்சை விளக்கு எரிந்தது.

இரண்டு நாள் கழித்து அதே 403 மறுபடி வந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எழும் இடைவெளியில், சோதனைக்கு வைத்திருந்த ஆறு போன்களும் அணைந்து எழுந்தன. யூபிஎஸ் இல்லாத ஸ்விட்ச்சில் அவற்றைச் செருகியிருந்தேன். எழுந்தபோது நான்குக்கு, ஐபி முகவரிகளைத் தானாக ஒதுக்கும் டிஎச்சிபியில் வேறு ஐபி கிடைத்தது. சர்வரிடம் பழைய ஐபியின் பதிவு இன்னும் உயிரோடு இருந்தது. ஒன்றுக்கு மேல் கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆகவே புதிய பதிவுக்கு 403. பழையது காலாவதியாகும் வரை, அதாவது ஒரு மணி நேரம் வரை, அந்தப் போன் ஊமையாக இருந்திருக்கும். ரிமூவ் எக்ஸிஸ்டிங் என்ற கட்டத்தில் யெஸ் போட்டால் புதியது வரும்போது பழையது விலகிவிடும். அடிக்கடி கரண்ட் போகிற ஊரில் அந்த ஒரு கட்டம் இல்லாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம். அந்த ஆறு போன்கள் வார்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, அன்று மாலையே எல்லா மாடி ஸ்விட்ச்சுகளுக்கும் யூபிஎஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

இந்த வேலை முழுவதையும் திருப்பிப் போட்டது ஆபரேட்டர் அக்கா கேட்ட ஒரு கேள்வி. எங்கள் ரிசப்ஷனில் இருபது வருடத்துக்கு மேலாக போர்டில் உட்காருகிறவர். எந்த நம்பர் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கோப்பைத் திருத்தும் அதிகாரத்தை அவர் கையில் கொடுப்பதுதான் என் திட்டம். ஒரு எளிய பக்கம் செய்து காட்டினேன்: நம்பர், பெயர், பாஸ்வேர்டு, ஒரு பட்டன்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, போன வாரம் குழந்தைங்க வார்டை ரெண்டாம் மாடிக்கு மாத்துனாங்கல்ல. போன் பழைய ரூம்லயே செவுத்துல இருக்கு. நம்பர் வார்டோட மேல போகணும். இதுல நான் எதை மாத்தணும்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. மற்றவர்களைப் போலவே நானும் எண்ட்பாயிண்ட்டுக்கு எக்ஸ்டென்ஷன் நம்பரையே பெயராக வைத்திருந்தேன். 214 என்பது போனின் அடையாளமும் ஆகிறது, வார்டின் நம்பரும் ஆகிறது. அப்படியானால் வார்டு இடம் மாறினால் இரண்டு போன்களின் யூசர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் மாற வேண்டும். யாராவது ஏணி எடுத்துப் போய் போனுக்குள் நுழைந்து தட்ட வேண்டும். எங்கள் மருத்துவமனையில் வார்டு, அறை மாற்றம் மாதத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். நான் செய்த டேட்டாபேஸ், பழைய கோப்பில் இருந்த அதே சிக்கலை அழகான பக்கத்தில் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அன்றிரவு முழுவதும் யோசித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். ஒவ்வொரு போன் பெட்டியின் பின்னாலும் சொத்துப் பதிவேட்டு ஸ்டிக்கரில் ஐந்து இலக்க எண் ஒட்டியிருக்கும். 10047 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இனி எண்ட்பாயிண்ட், ஆத், ஏஓஆர் மூன்றுக்கும் பெயர். போன் பழுதாகித் தூக்கிப் போடும் வரை அது மாறாது. எக்ஸ்டென்ஷன் நம்பருக்கு நானே ஒரு தனி டேபிள் வைத்தேன். மூன்றே கட்டங்கள்: 214, 10047, அந்த இடத்தின் பெயர். எந்த நம்பருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆஸ்டெரிஸ்க்குக்குச் சொல்வது டயல்பிளான். யாராவது 214 அழுத்தினால், அது ஃபங்க் ஓடிபிசி என்ற மாட்யூல் மூலம் அந்த டேபிளைக் கேட்கும், 10047 என்று பதில் வரும், அந்தப் போனுக்கு மணி அடிக்கும். 10047-இலிருந்து யாரையாவது கூப்பிட்டால், அதே டேபிளைத் திருப்பிக் கேட்டு, எதிரே உள்ள திரையில் 214 என்று காட்டும்படி செய்தேன். ஃபங்க் ஓடிபிசியில் கேள்வி எழுதும்போது, போனில் அழுத்தியதை அப்படியே உள்ளே விடாமல், அது டேட்டாபேஸ் கட்டளையாக மாறிவிடாதபடி எஸ்க்யூஎல் எஸ்கேப் போட்டே விடுங்கள்.

இப்போது வார்டு மாறினால் மாறுவது ஒரே ஒரு வரிசைதான். ரெஜிஸ்டர் சம்பந்தமான மூன்று டேபிள்களையும் யாரும் தொட வேண்டியதில்லை. பாஸ்வேர்டைத் தவறான இடத்தில் போடுவது என்ற, 214-க்கு நான் செய்த அந்தத் தவறு, அன்றாட வேலையில் நடக்கவே வழியில்லை. அன்றாட வேலையில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. டேட்டாபேஸுக்கு மாறுங்கள் என்பதைவிட இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோப்பிலேயே வைத்திருந்தாலும்கூட, போனின் அடையாளத்தையும் எக்ஸ்டென்ஷன் நம்பரையும் பிரித்து வையுங்கள். முப்பது போன் இருக்கும் ஆபீஸுக்கும் இது பொருந்தும்.

அக்காவிடம் புதிய பக்கத்தைக் காட்டினேன். இடப்பக்கம் வார்டுகள், வலப்பக்கம் ஸ்டிக்கர் எண்கள். "இது சரியா இருக்கு. இதைத்தான் நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்" என்று தன் மேசை அறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். உண்மையிலேயே அதே மூன்று கட்டங்கள். அந்த நோட்டை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது எனக்கு மிகவும் பயமாக இருந்த பகுதி. இதுவரை போன் வேலை செய்ய ஆஸ்டெரிஸ்க் ஓடினால் போதும். இனி மரியாடிபியும் ஓட வேண்டும். அது நின்றால்? ஊகிக்க வேண்டாம் என்று சோதனை சர்வரில் மரியாடிபியை நிறுத்திப் பார்த்தேன். நடந்துகொண்டிருந்த பேச்சு துண்டிக்கப்படவில்லை. ஆனால் புதிய அழைப்பு ஒன்றுகூடப் போகவில்லை. அழைப்பு வரும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ட்பாயிண்ட் யார் என்று ஆஸ்டெரிஸ்க் டேபிளைக் கேட்கிறது. பதில் இல்லாவிட்டால் தெரியாத ஆள் என்று விரட்டிவிடுகிறது. ஒரு மருத்துவமனையில் இதை அப்படியே விட முடியாது.

ஐசியூ, எமர்ஜென்ஸி, ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி, ரிசப்ஷன் என்று ஒன்பது போன்களைத் தேர்ந்தெடுத்துப் பழையபடி பிஜேசிப் கோப்பிலேயே வைத்தேன். ரீலோட் செய்தால் ஒன்பதும் காணோம். சார்சரி கோப்பில் எண்ட்பாயிண்ட்டுக்கு ரியல்டைம் என்று எழுதிவிட்டால், பிஜேசிப் கோப்பில் உள்ள எண்ட்பாயிண்ட்டுகளை ஆஸ்டெரிஸ்க் பார்ப்பதே இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் சொல்ல வேண்டும்: முதல் வரியில் கோப்பு, அடுத்த வரியில் ரியல்டைம். எண்ட்பாயிண்ட், ஆத், ஏஓஆர் மூன்றுக்கும் அதே மாதிரி. எழுதிய வரிசையிலேயே தேடும் என்பதால் ஒன்பது போன்களும் டேட்டாபேஸைக் கேட்காமலே கிடைத்துவிடும். அந்த ஒன்பது நம்பர்களையும் டயல்பிளானிலும் நேரடியாக எழுதினேன்.

மறுபடி மரியாடிபியை நிறுத்தினேன். ஐசியூவாக வைத்திருந்த போனிலிருந்து அழைப்பு கிளம்பியது, ஆனால் எமர்ஜென்ஸி போனில் மணி அடிக்கவில்லை. நீண்ட நேரம் லாகைப் பார்த்த பிறகு புரிந்தது. கான்டாக்டையும் டேட்டாபேஸுக்கே அனுப்பியிருந்தேன். எந்த போன் எந்த முகவரியில் என்ற பட்டியல் ரிப்போர்ட் எடுக்க வசதியாக இருக்கும் என்று நினைத்துச் செய்தது. யார் என்று தெரிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. சார்சரி கோப்பிலிருந்து கான்டாக்ட் வரியை நீக்கினேன். அப்படிச் செய்தால் ஆஸ்டெரிஸ்க் அதைத் தன் சொந்தச் சின்ன டேட்டாபேஸான ஆஸ்ட்டிபியில் வைத்துக்கொள்ளும். அது அதே மெஷினில் ஒரு எஸ்க்யூலைட் கோப்பு. மூன்றாம் முறை நிறுத்திப் பார்த்தபோது ஒன்பது போன்களும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டன. அன்று வீட்டுக்குப் போகும்போது மனம் லேசாக இருந்தது. பல சர்வர்கள் சேர்ந்து ஓடும் இடத்தில் கான்டாக்ட் பொது டேட்டாபேஸில் இருப்பது தேவைப்படலாம். ஒரே சர்வர் உள்ள எங்களைப் போன்ற இடத்தில் அதை வெளியே கொண்டுபோக எந்த அவசியமும் இல்லை என்பது என் கருத்து.

மற்ற போன்களுக்கு சார்சரியில் மெமரி கேஷ் வைத்தேன். ஒருமுறை படித்ததைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் டேபிளைத் தட்டாது. கேஷ் வரியை ரியல்டைம் வரிக்கு முன்னால் எழுத வேண்டும். ஒரு பின்விளைவு உண்டு. டேபிளில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு உடனே சோதித்தால் பழையதே பேசும். கேஷைக் காலாவதியாக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. போன் சேர்க்கும்போதும் எடுக்கும்போதும் என் பக்கமே பின்னால் அதைக் கொடுத்துவிடுகிறது. சர்வர் எழும்போது மரியாடிபிக்குப் பிறகே ஆஸ்டெரிஸ்க் எழ வேண்டும் என்று, சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியில் ஒரு வரியும் போட்டேன்.

பாஸ்வேர்டு விஷயம். முன்பு எங்கள் போன்களில் பாதிக்கு நம்பரே பாஸ்வேர்டாக இருந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் இருபது எழுத்து, கணினி உருவாக்கியது. ஆத் டேபிளில் அதை அப்படியே எழுதலாம், அல்லது எம்டி5 வகை என்று சொல்லி, யூசர் பெயர், ரெல்ம் (பாஸ்வேர்டு கேட்கும்போது சர்வர் சொல்லும் பெயர்), பாஸ்வேர்டு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எம்டி5 மதிப்பை மட்டும் வைக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். ஆனால் அந்த மதிப்பு யார் கையிலாவது கிடைத்தால் அதை வைத்தே ரெஜிஸ்டர் செய்ய முடியும். ஆகவே அதை மறைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைய வேண்டாம். பேக்கப் கோப்பையும் பூட்டியே வையுங்கள். ரெல்ம் இயல்பாக ஆஸ்டெரிஸ்க் என்றிருக்கும். பின்னாளில் அதை மாற்றினால் எல்லா மதிப்பும் செல்லாமல் போகும். மரியாடிபியில் ஆஸ்டெரிஸ்க்குக்குக் கொடுத்தது படிக்கும் உரிமை மட்டும். கான்டாக்ட் அங்கே இல்லாததால் அது எதையும் எழுத வேண்டியதில்லை. அக்காவின் பக்கத்துக்கு நம்பர் டேபிளில் மட்டும் திருத்தும் உரிமை. பாஸ்வேர்டு டேபிளை அது பார்க்கவே முடியாது. சில டாக்டர்கள் வீட்டிலிருந்து மொபைலில் பேச வேண்டும் என்றார்கள். போன்கள் சர்வரோடு பேசும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் துழாவுகிறவர்கள் வந்துவிடுவார்கள். வயர்கார்ட் விபிஎன் போட்டு அதற்குள்தான் விட்டேன். அந்த மொபைல்களுக்கு ரீரைட் கான்டாக்ட், ஆர்டிபி சிமெட்ரிக், ஃபோர்ஸ் ஆர்போர்ட் மூன்றும் யெஸ், டைரக்ட் மீடியா நோ. இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கும்.

போன்களை மாற்றும் வேலை ஒரு மாடிக்கு ஒரு நாள் என்று நடந்தது. முதலில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் இருக்கும் தரைத்தளம், கடைசியாக ஐசியூ. பழைய சர்வரையும் புதியதையும் ஒரு டிரங்க்கால் இணைத்துவிட்டதால் பாதி போன்கள் அங்கும் பாதி இங்கும் இருந்த நாட்களிலும் யாரும் யாரையும் கூப்பிட முடிந்தது. டிஎச்சிபியின் 66-ஆம் ஆப்ஷனில் சர்வர் முகவரியைக் கொடுத்து, ஒவ்வொரு போனும் தன் செட்டிங்கைத் தானே இறக்கிக்கொள்ளும்படி செய்தது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தியது.

இப்போது நம்பர் மாற்றங்களை அக்காவே செய்கிறார். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒரு மாற்றப் பதிவேடும் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை அதைத் திறந்தபோது, பிரசவ வார்டின் நான்கு நம்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை இடம் மாறியிருந்தன. அந்த ஞாயிறு நான் என் மகளோடு அழகர்கோவிலில் இருந்தேன். என் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

அடுத்து ஆஸ்டெரிஸ்க் 22-க்குப் போக வேண்டியிருக்கிறது. பெரிய பதிப்பு மாறும்போது டேபிள்களில் புதிய கட்டங்கள் சேரும். அலெம்பிக் கட்டளையை மறுபடி ஓட்டினால் அவை வந்துவிடும். அதற்கு முன் முழு டேட்டாபேஸையும் எடுத்து சோதனை சர்வரில் போட்டு, அங்கே ஓட்டிப் பார்த்து, மேசையில் உள்ள ஆறு போன்களும் எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்புறம் மரியாடிபியை ஒருமுறை நிறுத்தி, ஒன்பது போன்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். 214 இப்போது அந்த ஒன்பதில் ஒன்று.